மேற்கே தொங்கும் ஏழு கூடுகள்

போன மாதம் சரண்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த சிவகாசி அச்சகத்தில் இப்போது ஆர்ட் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறவள். நான் ஓய்வு பெற்றபின் வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால் நேரில் பார்த்தது குறைவு. பீரோவில் கிடக்கும் பழைய ஓவியங்களை எல்லாம் ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். நான் போட்டது மட்டும் ஒரு பீரோ இருக்கிறதாம்.

“சார், ஒரு சந்தேகம். நீங்க வரைஞ்ச எல்லாத்துலயும் மேல மூணுல ஒரு பங்கு காலியா கெடக்கு. மலைன்னாலும் கடல்னாலும் மயிலுன்னாலும் அதே மாதிரிதான். வெறும் வானம். அது உங்க ஸ்டைலா?”

ஸ்டைலாவது ஒன்றாவது. அது பேர் போடும் இடம். நாங்கள் வரைந்தது காலண்டருக்கும் பட்டாசு லேபிளுக்கும். மேலே நகைக்கடை பேரோ எண்ணெய் மில் பேரோ வரும்; கீழே தேதித் தாள் கட்டு தொங்கும். நடுவில் மிஞ்சும் இடத்தில்தான் எங்கள் இயற்கைக் காட்சி. சாமியே ஆனாலும் கிரீடத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். இதைச் சொன்னதும் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

போனை வைத்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தக் காலி இடம் ஒருமுறை ஒரு பெண்ணின் கழுத்தைக் கெடுக்கப் பார்த்தது. அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் வந்து எங்கள் பிழைப்பைக் கெடுத்தது என்று புலம்பப் போகிறேன் என யாரும் பயப்பட வேண்டாம். எனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியும். கடைசி ஆறு வருடம் அதில்தான் வேலை பார்த்தேன், இடுப்பு வலி குறைந்தது.

வேலை கற்ற கதையையும் நீட்ட மாட்டேன். பத்தாவதில் கணக்கில் விழுந்தேன். முதல் வருடம் பிரஷ் கழுவினேன். அடுத்த இரண்டு வருடம் புஸ்வாண லேபிளுக்குக் கதிர் போட்டேன்: நடுவிலிருந்து சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள். வலப்பக்கம் எத்தனையோ இடப்பக்கமும் அத்தனை. பிறகு கிளி, பிறகு குழந்தை முகம், கடைசியில் சாமி. சாமி போட விட்டார்கள் என்றால் ஆள் தேறிவிட்டான் என்று அர்த்தம். எனக்கு அதற்குப் பதினோரு வருடம் ஆனது.

விட்டவர் வேலாயுதம் மாஸ்டர். ஆர்ட் செக்‌ஷன் முழுக்க அவர் பொறுப்பு. நாள் முழுதும் வர்ணத்துக்கு நடுவில் இருந்தும் வேட்டியில் ஒரு பொட்டு ஒட்டாது. படம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். மேஜையில் முகம் மழிக்கிற கண்ணாடி ஒன்று வைத்திருப்பார். நம் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அந்தக் கண்ணாடியில் பார்ப்பார். இடம் வலம் மாறித் தெரியும்போது கோணல் எல்லாம் தானாக வெளியே வந்துவிடும். பிறகு படத்தின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, ஊதாப் பென்சிலால் தப்பு இருக்கும் இடத்தில் வட்டம் போடுவார். என்ன தப்பு என்று எழுத மாட்டார். அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தவன் படத்தில் பிரஷ் வைப்பது அவரைப் பொறுத்தவரை அடுத்தவன் சோற்றில் கை வைப்பது.

இன்னொரு வழக்கம் உண்டு. மனம் குளிர்ந்திருந்தால் “ஏலே குருசாமி” என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறிவிடும். “வாங்க குருசாமி, உக்காருங்க” என்று அவர் சொல்லிவிட்டால் அன்றைக்கு மதியச் சோறு இறங்காது.

அந்தப் படத்துக்கான ஆர்டர் வந்தது எங்கள் ஆபீசில் முதல் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருடத்துக்குள். ஆனி மாதம், காலண்டர் சீசன் சூடுபிடித்திருந்த நேரம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டிலிருந்து பிலோமினா சிஸ்டர் என்ற நர்ஸ் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், குள்ளம், பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வருடா வருடம் காலண்டர் கொடுக்கும் எங்கள் அச்சக முதலாளியிடம், இந்த வருடம் காலண்டர் வேண்டாம், சுவருக்குப் பெரிதாக ஒரு இயற்கைக் காட்சி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முதலாளி சரி என்று மாடியில் எங்களிடம் அனுப்பிவிட்டார்.

“அழகுக்குக் கேக்கல சார்,” என்றார் மாஸ்டரிடம். “கழுத்து வெந்து வர்றவுங்களுக்குப் புண்ணு ஆறும்போது தோலு சுருங்கும். வலிக்குதுன்னு தலையக் குனிஞ்சே வச்சிருந்தா தாடை நெஞ்சோட இழுத்துக்கிரும். தெனமும் நிமித்தணும், திருப்பணும். பயிற்சின்னு சொன்னா அழுதுருவாக, வலி அப்படி. தானா எதையாச்சும் பாக்கணும்னு தோணுனா பாப்பாக. அப்படி ஒரு படம் வேணும்.”

மாஸ்டர் ஆர்டர் கார்டை எடுத்து எழுதினார். பார்ட்டி: ஆஸ்பத்திரி. சைஸ்: ஆறடி உயரம், மூன்றடி அகலம். பலகை மேல், ஈரத்துணியால் துடைக்கத் தக்கதாக. ‘பேர் போடும் இடம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் ஒரு நொடி நின்று, ‘இல்லை’ என்று எழுதினார். கார்டை என்னிடம் நீட்டினார்.

“இன்னொண்ணு,” என்றார் சிஸ்டர் போகும்போது. “தீ நெறம் எதுவும் வேண்டாம்.”

மறுநாள் அளவெடுக்கப் போனேன். எட்டுக் கட்டில். யாருக்கும் தலையணை கிடையாது. தோளுக்கு அடியில் துணி உருளை வைத்துத் தலையைப் பின்னால் சாய விட்டிருந்தார்கள். சிஸ்டர் ஸ்டூல் மேல் ஏறி, தலைமாட்டுக்கு இடப்பக்கச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். “இதுக்குக் கீழ இருக்கிறத கண்ண மட்டும் திருப்பிப் பாத்துரலாம். இதுக்கு மேல இருக்கிறதப் பாக்கணும்னா தாடையத் தூக்கி எடது பக்கம் திருப்பியே ஆகணும். என்ன போடுவீங்களோ, இதுக்கு மேல போடுங்க.”

இதை நான் என் காதால் கேட்டேன், டேப் வைத்து அளந்தும் கொண்டேன். பின்னால் நடந்ததற்கு எனக்குச் சாக்கு கிடையாது.

சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தவள் பெயர் செல்லத்தாய். ஏழாயிரம்பண்ணைப் பக்கம், முப்பது வயதுக்குள். பதினாறு வயதிலிருந்து பட்டாசு வேலை. கழுத்தும் நெஞ்சும் வெந்து, இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. துணி உருளையைக் காலால் தள்ளிவிட்டு, தாடையை நெஞ்சில் புதைத்து வலப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தாள். பத்து நாளாக ஒருவரிடமும் பேசவில்லையாம்.

வெளியே வந்ததும் சிஸ்டர் சொன்னார்: “இவளுக்காகத்தான் ஓடி வந்தேன். டாக்டர் ஒண்ணரை மாசம் கெடு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள கழுத்து வளையலைன்னா அப்படியே எறுகிப் போகும். அப்பறம் ஆபரேசன்தான், அதுவும் சரியா வரும்னு சொல்ல முடியாது. குனிஞ்ச தல குனிஞ்சபடியே இருக்கும்.”

ஆபீசுக்கு வந்து ரெஃபரன்ஸ் பெட்டியைத் திறந்தேன். எங்கள் ஊரில் இயற்கை என்றால் பனிமலை, அதன் காலடியில் ஏரி, ஏரிக்கரையில் ஓட்டு வீடு, வாசலில் பூச்செடி. வெளிநாட்டுக் காலண்டரிலிருந்து வெட்டி வைத்தது. சிவகாசி வெயிலில் உட்கார்ந்து நான் எத்தனை பனிமலை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒன்றை ரஃப் போட்டு மாஸ்டரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

“வாங்க குருசாமி. உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.

“இது யாரு ஊரு?”

“தெரியல மாஸ்டர்.”

“ஒருதடவ பாப்பாங்க. நல்லாருக்குன்னு நினைப்பாங்க. அப்பறம் எதுக்குக் கழுத்த வலிக்க வலிக்கத் திருப்பணும்? அவுங்க ஏற்கெனவே பாத்தது எதையாச்சும் போடுங்க. தெரிஞ்சத மறுபடி பாக்கத்தான் ஆளு திரும்பும்.”

ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் போய், அச்சங்குளம் பஸ்ஸில் ஏறி, வழியில் தோன்றிய இடத்தில் இறங்கினேன். இருபத்தைந்து வருடம் இயற்கைக் காட்சி வரைந்தவன், இயற்கையைப் பார்க்க என்று பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருந்தது. கருவேலங்காடு, கரிசல், தூரத்தில் பட்டாசு ஆலையின் முள்வேலி. என்னத்தைப் போட என்று சலித்துக்கொண்டே நடந்தேன். ஒரு இறவைக் கிணறு, பக்கத்தில் நாலைந்து பனை. ஒரு பனையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் காய்த்துத் தொங்கின. குருவிகள் ஓலையைக் கிழித்துக் கிழித்து எடுத்துவந்து பின்னிக்கொண்டிருந்தன. கால் மணி நேரம் பேப்பரை எடுக்காமலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேகாற்று, அதாவது மேற்கே இருந்து வரும் காற்று, உச்சத்தில் இருந்தது. பேப்பரைப் பறித்தது. காற்று படாத இடமாகப் பார்த்து மோட்டார் ரூம் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்து வரைந்தேன். கிணறு, பனை, மேயப் போன நாலு ஆடு, காலை வெயில். கூடுகள் எனக்கு வலப்பக்கமாகத் தொங்கின. பார்த்ததை அப்படியே போட்டேன். ஏன் ஒரே பக்கம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ரஃப் பார்த்ததும் மாஸ்டர் “ம்” என்றார். பெரிய பலகைக்கு வெள்ளை அடித்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி, பதினெட்டு நாளில் முடித்தேன். ஆண் குருவிக்குத் தலை மஞ்சள். தீ நிறம் வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால் ஆண், பெண் எல்லாவற்றையும் தவிட்டு நிறமாகவே போட்டேன். துடைக்க வேண்டுமே என்று மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். மாஸ்டருக்கு அந்த வாரம் காய்ச்சல்; பார்க்காமலே படம் போய்விட்டது. வேனில் ஏற்றிப்போய் நானே மாட்டினேன். கிணற்று மேட்டில் ஆடுகள், நடுவில் பனை, பனையில் கூடு. வார்டில் மற்றவர்கள் எல்லாம் “நல்லாருக்கு, நம்ம ஊரு மாதிரியே இருக்கு” என்றார்கள். பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

நாலாம் நாள் சிஸ்டரிடமிருந்து போன். “யாரும் தலையத் தூக்கலையே சார். படுத்த வாக்குலயே எல்லாம் தெரியுதே.”

அன்றைக்கு மாஸ்டர் காய்ச்சல் தெளிந்து வந்திருந்தார். இருவருமாகப் போனோம். வார்டுக்குள் நுழைந்து படத்தைப் பார்த்தார். சுவரில் சிஸ்டர் கிழித்த கோடு படத்துக்கு இரண்டு பக்கமும் லேசாகத் தெரிந்தது. அந்தக் கோடு வரைக்கும் பனை வந்திருந்தது. கோட்டுக்கு மேலே இரண்டு அடிக்கு வெறும் நீல வானம். ஒரு காக்கை கிடையாது.

மாஸ்டர் பையிலிருந்து பட்டர் பேப்பரை எடுத்து அந்த வானத்தின் மேல் வைத்தார். ஊதாப் பென்சிலால் நீளமாக ஒரு கட்டம் போட்டார். அந்தக் கட்டத்துக்குள், முதல்தடவையாக, எழுதினார்: ‘எந்தக் கடை?’

கார்டில் ‘பேர் போடும் இடம்: இல்லை’ என்று எழுதியிருந்ததைப் படித்தேன், கோட்டுக்கு மேலே போடு என்று அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டேன். கை கேட்கவில்லை. கை அதுபாட்டுக்கு இடம் விட்டு வைத்துவிட்டது. கட்டிலில் செல்லத்தாய் அதே வலப்பக்கமாகத்தான் கிடந்தாள். கெடுவில் மூன்று வாரத்துக்கு மேல் போயிருந்தது. அதில் பதினெட்டு நாள் நான் தின்றது.

“எறக்குங்க குருசாமி,” என்றார் மாஸ்டர்.

ஆபீசுக்குக் கொண்டுவந்து மேல்பக்க வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். முதல் பனைக்குப் பின்னால் இன்னொரு நெட்டைப் பனை எழுப்பி, அதன் தலையைப் பலகையின் உச்சிக்குக் கொண்டுபோனேன். மறுபடி பஸ் ஏறிப் போய்ப் பார்க்க நேரமில்லை. பார்த்த ஞாபகத்தில் கூடுகளைப் போட்டேன். ஆறு நாள், வேறு வேலையே தொடவில்லை. சீசன் நேரத்தில் நாலு காலண்டர் டிசைன் தேங்கி நின்றது. மாஸ்டர் அவற்றைத் தன் மேஜைக்கு எடுத்துக்கொண்டார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, பிறகுதான் தெரிந்தது. முடிந்த பலகையைக் கண்ணாடியில் பார்க்க அவருக்கும் நேரமில்லை, காட்ட எனக்கும் பொறுமையில்லை. வார்னிஷ் காய்ந்ததும் மாட்டிவிட்டு வந்தோம்.

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் ஒரு ஸ்குரூ லூசாக இருக்கிறது என்று காரணம் சொல்லிக்கொண்டு போனேன். உண்மையில் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்டூலில் ஏறி ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கரகரத்த குரல்.

“இத வரஞ்சது யாரு?”

திரும்பினேன். செல்லத்தாய் மல்லாந்து கிடந்தாள். கண் மட்டும் படத்தின் பக்கம், கோட்டை ஒட்டித் தெரிந்த நெட்டைப் பனையின் அடிக்கூடுகள் வரைக்கும், வந்திருந்தது.

“நாந்தான் தாயி.”

“கூடு தப்பாப் போட்டுருக்கீக.”

நான் பொதுவாக அடங்கிப் போகிறவன் இல்லை. பதினோரு வருடம் கழித்துச் சாமி போடத் தேறியவன், பனிமலையிலிருந்து பனைமரம் வரை போட்டவன், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்ன தப்பு? நான் நேர்ல போயி பாத்து வரஞ்சது.”

“எங்கன பாத்தீக?”

“அச்சங்குளத்துப் பக்கம்.”

“அங்கனயும் இப்படி இருந்திருக்காது. ரெண்டு பக்கமும் கூடு தொங்குது. எந்தக் குருவி மேக்குப் பக்கமாக் கூடு கட்டும்? மேகாத்துல பிச்சுக்கிட்டுப் போயிராதா?”

“படத்துல எது மேக்கு, எது கெழக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“ஆட்டப் பாருங்க. வயிறு ஒட்டிக் கெடக்கு, மேயப் போற ஆடு. அப்ப காலை வெயிலு. கெணத்துச் செவரு நெழலு இங்கிட்டு விழுகுது, வெயிலு அங்கிட்டு இருந்து வருது. அப்ப அங்கிட்டுத்தான் கெழக்கு. கீழ இருக்கிற பனையில சரியாத்தான் போட்டுருக்கீக. மேல உள்ளதுலதான் கெடுத்துப்புட்டீக.”

ஸ்டூலில் நின்றபடியே ஆட்டைப் பார்த்தேன். ஆட்டின் வயிறு ஒட்டியிருந்தது நான் யோசித்துப் போட்டதில்லை, கண்ணில் பட்டதைப் போட்டது. அந்த நெட்டைப் பனையில் மட்டும் லேபிளுக்குக் கதிர் போடுகிற கை வேலை செய்திருக்கிறது: வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் ஏழு. அன்றைக்கு மோட்டார் ரூம் சுவரோரம் நான் எதற்காக ஒதுங்கினேனோ, அதே காரணத்துக்காகத்தான் குருவியும் ஒதுங்கியிருக்கிறது. அது எனக்கு உறைக்கவில்லை, இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“எதச் சொல்ற? இந்தக் கூடா?” என்று கேட்டேன், நிஜமாகவே புரியாமல்.

“அது இல்ல. அதுக்கும் மேல.”

“இதா?”

“இல்லண்ணே. இன்னும் மேல, ஓரத்துல. அந்தா.”

எங்கள் பக்கத்தில் கையில் வேலை இருந்தால் தாடையால்தான் திசை காட்டுவோம். அவளுக்கு இரண்டு கையும் கட்டு. தாடையைத் தூக்கிக் காட்டினாள். நெஞ்சில் புதைந்து கிடந்த தாடை, இரண்டு விரற்கடை எழும்பி, இடப்பக்கமாகத் திரும்பியது. திரும்பிய வேகத்தில் வலியில் முகம் கோணிக் கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. ஆனால் தாடையை இறக்கவில்லை. தப்பைக் காட்டாமல் விடுகிற ஆள் இல்லை அவள்.

வாசலில் பிலோமினா சிஸ்டர் மருந்துத் தட்டோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என்னைப் பார்த்து, விடாதே, பேசு என்று கண்ணைக் காட்டினார்.

நான் பேசினேன். “எனக்குத் தெரியலையே தாயி, எதுன்னு சரியாச் சொல்லு” என்று தெரிந்த கூட்டையே தெரியாத மாதிரி தடவினேன். அவள் “அதுக்குப் பக்கத்துல, அதுக்கும் மேல” என்று ஏழு கூட்டையும் காட்டி முடித்தாள். ஓய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சிறிது நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“ஆம்பளக் குருவிக்குத் தலையில மஞ்சப் பூசுன மாதிரி இருக்கும். ஒண்ணுக்குக்கூடப் போடலையே.”

நான் சிஸ்டரைப் பார்த்தேன். தீ நிறம் வேண்டாம் என்றவர் அவர்தான். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார்: “மஞ்ச போடலாமாடா? ஒனக்கு ஒண்ணும் செய்யாதா?”

“குருவிக்கு என்ன சிஸ்டர்,” என்றாள். “அது என்ன செஞ்சிச்சு.”

மறுநாள் வாசனை இல்லாத மஞ்சள் வர்ணமும் ஒன்றாம் நம்பர் பிரஷும் கொண்டுபோனேன். எந்தக் குருவிக்கு மஞ்சள், எதற்கு வேண்டாம் என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் ஏற்பாடு. ஒரு நாளைக்கு ஒரு குருவிக்கு மேல் கூடாது என்றும் உத்தரவு. கீழே இருப்பதிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு நாளும் ஆபீசுக்கு முன்னால் போவேன், ஸ்டூலில் ஏறுவேன், அவள் தாடையால் காட்டுவாள், ஒரு பொட்டு வைப்பேன். பதினோரு குருவி, பதினோரு நாள். கடைசிக் குருவி பலகையின் இடது உச்சியில். அதைக் காட்ட அவள் கழுத்து முழுதும் நீண்டது. பக்கத்துக் கட்டில்காரர்களும் சேர்ந்து எட்டிப் பார்த்துக் கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள், அது ஆணா பெண்ணா என்று. நான் படைத்த குருவி ஆணா பெண்ணா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

மஞ்சள் முடிந்தது. இனி அந்த ஏழு கூட்டையும் அழித்துவிட வேண்டியதுதான் என்று உப்புத்தாளை எடுத்தேன். சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது இருக்கட்டும் சார்.”

“தப்பு சிஸ்டர் அது. வெளிய தெரிஞ்சா கேவலம்.”

“அந்தத் தப்பப் பாக்கத்தான் அவ தலையத் தூக்குனா. அடுத்து வர்றவுகளும் பாக்கட்டும். அவுகளும் காடுகரையில வளந்தவுகதானே, கண்டுபுடிச்சிருவாக.”

நான் கேட்கவில்லை. மாஸ்டரைக் கூட்டிவந்தால் அவர் என் பக்கம் பேசுவார் என்று எனக்கு நிச்சயம். அச்சுக்குப் போன பிறகு ஒரு கிளியின் மூக்குக் கோணல் என்று மிஷினையே நிறுத்தியவர். மறுநாள் மாஸ்டர் கண்ணாடியோடு வந்தார். படத்துக்கு முதுகைக் காட்டி நின்று அதில் பார்த்தார். பட்டர் பேப்பரை விரித்தார். ஏழு கூட்டையும் ஒன்று விடாமல் வட்டம் போட்டார். செல்லத்தாய் படுத்தபடியே தாடையைத் தூக்கி, அவர் எந்தக் கூட்டையாவது விட்டுவிடுகிறாரா என்று கண்காணித்துக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு பட்டர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஏலே குருசாமி,” என்றார். “விட்ரு.”

எனக்கு அன்று முழுக்க மனம் ஆறவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். என் கையை விட்டு, தப்பு என்று தெரிந்தே போன ஒரே படம் அதுதான். காலண்டர்க்காரர்கள் படத்தில் கையெழுத்துப் போடுவது கிடையாது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். செல்லத்தாய் ஆவணி கடைசியில் வீட்டுக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். ஆபரேஷன் தேவைப்படவில்லை.

ஆறேழு வருடம் கழித்து, நான் ஓய்வு பெறும் வருடம், சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ஒரு பெண் என்னையே பார்த்தாள். கழுத்தில் தோல் திரைந்து பளபளத்தது. எனக்கு அடையாளம் தெரிவதற்குள் அவளே பக்கத்தில் வந்துவிட்டாள்.

“நல்லா இருக்கீகளாண்ணே? கூடு வரஞ்சவுகதான நீங்க?”

“ஆமா தாயி. நீ எப்படி இருக்க?”

“இருக்கேன். இப்ப தையலு. போன மாசம் எங்க ஊருப் பிள்ள ஒண்ணப் பாக்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்னும் அந்தக் கூடெல்லாம் அப்படியே இருக்கே. அம்புட்டு எடுத்துச் சொல்லியும் திருத்தலையே நீங்க. அந்தப் பிள்ளையும் படுத்துக்கிட்டே கேக்குது, ‘யக்கா, இந்தக் கூடு ஏன் மேக்குப் பக்கமா இருக்கு’ன்னு. எனக்கு அசிங்கமாப் போச்சு.”

“நேரமே கெடைக்கல தாயி,” என்றேன்.

“நேரம் கெடைக்கலையாம். பொறுப்பு இல்லன்னு சொல்லுங்க.”

ஏழாயிரம்பண்ணை வண்டி உள்ளே நுழைந்தது. கூட்டம் முண்டியது. போர்டைப் படிக்க அவள் தாடையைத் தூக்கினாள். மற்றவர்கள் அளவுக்கு வரவில்லை. போர்டு தெரிகிற அளவுக்கு வந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் ஏறி, ஜன்னல் சீட்டைப் பிடித்து உட்கார்ந்து, வண்டி திரும்பும் வரை என்னைத் திட்டிக்கொண்டே போனாள்.